புதுப்பிப்பு: எஸ்ஐபி போன் பதிவாக இழுப்பது ஏன்?

எங்கள் எஸ்ஐபி போன்கள் (இணையம் வழியாகப் பேசும் போன்கள்) சர்வரில் பதிவாக ஏன் இவ்வளவு நேரம் இழுக்கின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்ததும் புரிந்தது. போன் ரெஜிஸ்டர் (பதிவுக் கோரிக்கை) அனுப்புகிறது; சர்வர் 401 (முதலில் யாரென்று நிரூபி) என்று திருப்பி, புது நான்ஸ் (சர்வர் தரும் சவால் சரம்) தருகிறது; போன் அதையும் கடவுச்சொல்லையும் வைத்துக் கணக்கிட்ட பதிலோடு மறுபடி அனுப்புகிறது. ஒவ்வொரு தடவையும் இதே கதை!

இப்போது ஒரே நான்ஸ் கொஞ்ச நேரம் செல்லுபடியாகும்படி மாற்றிவிட்டேன். போன் அதை எத்தனையாவது முறை பயன்படுத்துகிறது என்ற எண்ணிக்கையை (என்சி) ஒவ்வொன்றாகக் கூட்டி முதல் முறையே உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் சர்வர் அந்த எண்ணைச் சரிபார்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பழைய பாக்கெட்டைப் பிடித்து வைத்து யாரும் மறுபடி அனுப்பி உள்ளே வந்துவிடலாம். நான் முதலில் கோட்டைவிட்டது இங்கேதான்.

அப்புறம், எம்டி5 (அந்தப் பதிலைக் கணக்கிடும் பழைய, பலவீனமான ஹாஷ் முறை). 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8760 என்ற இணையத் தர ஆவணத்தின்படி, அதைவிட வலுவான ஷா-256-ஐச் சர்வர் தரும் பட்டியலில் மேலே வைத்தேன். இரண்டு பழைய போன்களுக்கு அது புரியவில்லை. அவை எம்டி5-இலேயே, டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கப்பட்ட இணைப்புக்குள் ஓடுகின்றன.