அணையில் மீனுக்காக விடும் நீர்: நல்ல தமிழ்ச் சொல் வேண்டும்

அல்சூர் ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். நம் பெங்களூர்ப் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கான பாடம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பொருள், அமெரிக்காவின் கொலராடோ ஆறு. அதன் மேல்படுகையில் அழிவின் விளிம்பில் இருந்த நான்கு மீன் இனங்களுக்காக மூன்று மாநிலங்களும் மத்திய அரசும் 1988-இல் உடன்பாடு செய்துகொண்டன. குடிநீரும் பாசனமும் நிற்காது. ஆனால் மீனுக்கு வேண்டிய நீரை அணைகள் விட்டாக வேண்டும். பொறியாளர்கள் ‘என்விரான்மென்டல் ஃப்ளோ’ என்று சொல்லும் அந்த நீருக்குத்தான் சொல் கேட்கிறேன். ‘சுற்றுச்சூழல் ஓட்டம்’ என்று எழுதினால் பிள்ளைகள் ஏதோ ஓட்டப்பந்தயம் என்று நினைக்கிறார்கள்.

ஜெயநகர்:
அம்மா, சொல்லைப் புதிதாகத் தேட வேண்டாம். வள்ளுவரே வைத்திருக்கிறார்: ‘வானின்று அமையாது ஒழுக்கு’. பரிமேலழகர் இதை நீர் இடையறாது ஒழுகும் ஒழுக்கு என்றே கொள்கிறார். ஒழுக்கம் என்று பொருள் சொல்வாரும் உண்டு. நமக்கு இரண்டுமே பொருந்தும், ஏனென்றால் ஆறு தன் இயல்பில் ஒழுகினால்தான் அது ஆறு. ‘சூழல் ஒழுக்கு’ என்று போடுங்கள். உங்கள் அல்சூர் ஏரிக்கரையில் சிலையாக நிற்பவர் சொன்னது, பிள்ளைகளுக்கு அறிமுகமாகவும் இருக்கும்.

ஒயிட்ஃபீல்டு:
ஐயா, குறள் அழகுதான். ஆனால் எங்கள் அடுக்ககத்தில் ‘ஒழுகுது’ என்றால் உடனே பிளம்பரைக் கூப்பிடுவோம். அணை ஒழுகுகிறது என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டால் பாடமே தலைகீழாகிவிடும். வழக்கில் பொருள் திரிந்துபோன சொல்லை இலக்கியம் காட்டி மீட்க முடியாது. நீரோட்டம் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். ‘சூழல் நீரோட்டம்’ போதும்.

மல்லேசுவரம்:
கன்னட நண்பர்கள் ‘பரிசர ஹரிவு’ என்கிறார்கள். இந்த ஹரி பழங்கன்னடத்தில் பரி. பகரம் ஹகரமானது கன்னடத்தில் நடந்த மாற்றம். பால் ஹாலு, பல்லு ஹல்லு ஆனதுபோல. ஓடுதல் என்ற பொருளில் பரி தமிழிலும் உண்டு, குதிரைக்கும் அதுவே பெயர். அதனால் ‘பரிவுநீர்’ என்று முன்மொழிகிறேன். இந்த ஊரில் இரண்டு மொழிப் பிள்ளைகளுக்கும் ஒரே வேர் கிடைக்கும். பரிவுக்கு இரக்கம் என்ற பொருளும் இருப்பது கூடுதல் நன்மை.

ராஜாஜிநகர் (ஓய்வுபெற்ற நீர்ப்பொறியாளர்):
தம்பி, அந்தக் கூடுதல் நன்மைதான் எனக்கு உறுத்துகிறது. இது இரக்கப்பட்டுப் போடும் பிச்சை இல்லை, கணக்கில் ஏறிய நீர். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 740 டி.எம்.சி.யைப் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) பங்கிட்டபோது 10 டி.எம்.சி.யைச் சுற்றுச்சூழலுக்கென்று தனியாக ஒதுக்கியது. தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வது என்று 4. உச்ச நீதிமன்றம் 2018-இல் மாநிலப் பங்குகளைத் திருத்தியபோதும் அந்த 10 அப்படியே நின்றது. ஆகவே நான் சொல்வது ‘ஆற்றுப்பங்கு’. தமிழகத்துக்குப் பங்கு, கர்நாடகத்துக்குப் பங்கு, ஆற்றுக்கும் ஒரு பங்கு.

இந்த ஊர் குடிக்கும் காவிரி சுமார் 100 கி.மீ. தள்ளியிருந்து ஏற்றப்படுகிறது. 2024-இல் தொடங்கிய காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் மட்டுமே நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டருக்கானது. அதே ஆற்றில் திமில் மகசீர் என்ற மீன் வாழ்கிறது. அதன் அறிவியல் பெயர் 2018-இல்தான் உறுதியானது, அதே ஆண்டில் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டார்கள். குழாயைத் திறக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் கொலராடோவை மட்டும் சொல்வது சரியா?

ஒயிட்ஃபீல்டு:
அண்ணா, கொலராடோவின் நான்கு மீன்களில் ஒன்றுக்கும் திமில் உண்டு! பாடத்தில் ‘ஹம்ப்பேக் சப்’ என்று வருவது அதுதான். 2021-இல் அதை ஒரு படி குறைந்த ஆபத்துப் பட்டியலுக்கு மாற்றினார்கள். ‘திமில்மீன்’ என்றே எழுதலாம். கூன் வேண்டாம், அது நோய்போல ஒலிக்கிறது.

அல்சூர் ஆசிரியை:
திமில்மீனை எடுத்துக்கொள்கிறேன். மகசீரையும் பெட்டிச் செய்தியாகச் சேர்க்கிறேன். ஆனால் ‘பங்கு’ என்ற சொல்லை இந்த ஊர் வகுப்பறையில் எழுத எனக்குத் தயக்கம், ஐயா. நீர்ப் பூசல் நடந்த ஆண்டுகளை இவர்களின் பெற்றோர் மறக்கவில்லை.

ராஜாஜிநகர்:
தயக்கம் புரிகிறது. ஆனாலும் இரண்டு மாநிலங்களுக்கும் சேராத ஒரு பங்கு உண்டு என்று சொல்ல இதைவிட நல்ல இடம் எது?

இன்னொன்று: நீரோட்டம் என்றால் ஆண்டு முழுக்க ஒரே அளவில் ஓடுவது என்று தோன்றும். மீனுக்கு அது போதாது. கொலராடோவின் கிளையான கிரீன் ஆற்றில் ஃபிளேமிங் கார்ஜ் அணையிலிருந்து வசந்த காலத்தில் வெள்ளம் விடுவது, அந்த நான்கில் இன்னொன்றான ரேசர்பேக் மீனின் குஞ்சுகள் தென்படும் நேரம் பார்த்து. கரைபுரளும் நீர்தான் அந்தக் குஞ்சுகளைச் சதுப்புக் குட்டைகளுக்குள் கொண்டு சேர்க்கும். அளவு சரியாக இருந்தும் காலம் தப்பினால் பயன் இல்லை.

ஜெயநகர்:
அதற்குத் தமிழில் சொல் இருக்கிறதே, பெருக்கு! ஆடிப்பெருக்கு கொண்டாடுகிற நமக்கு அதை விளக்கவே வேண்டாம். கோடையில் விடுவது ஒழுக்கு, பருவத்தில் விடுவது பெருக்கு. இரண்டும் சேர்ந்ததே ஆற்றின் நடை. ‘நடந்தாய் வாழி காவேரி’ என்று பாடியவருக்கு இது தெரிந்திருக்கிறது.

மல்லேசுவரம்:
பெருக்கை ஏற்கிறேன். பரிவுநீரை யாரும் ஆதரிக்காததால் விலக்கிக்கொள்கிறேன், வேர்ச்சொல்லை அல்ல.

அல்சூர் ஆசிரியை:
எல்லோருக்கும் நன்றி. அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார்கள். பாடத்தில் ‘சூழல் நீரோட்டம்’ போகிறது. தனி மடலிலும் பெரும்பாலோர் அதைத்தான் சொன்னார்கள். பருவ வெள்ளத்துக்குப் ‘பெருக்கு’. ஆற்றுப்பங்கு பெட்டிச் செய்தியில், அந்த 10 டி.எம்.சி.யோடு வருகிறது.

ராஜாஜிநகர்:
பெட்டிக்குள்ளாவது இடம் கிடைத்ததே, மகிழ்ச்சி. ஆனால் தலைப்பில் இருக்க வேண்டிய சொல் அது என்பதே இன்னமும் என் கருத்து. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.