வேகக் கணக்குக்கு எக்ஸ் போட்டே ஆகவேண்டுமா?

கோட்டையூர் அப்பா:
பையன் பத்தாவது. நேற்று ராத்திரி ஒரு கணக்கை வைத்து எங்களுக்குள் சண்டை. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் பள்ளிக்கு 10 நிமிடம் லேட், 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 5 நிமிடம் முன்னாலேயே போய்விடலாம், பள்ளி எவ்வளவு தூரம்? அவன் தூரத்தை எக்ஸ் என்று வைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதுகிறான். நான் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டேன். மெதுவாக நடந்தால் கிலோமீட்டருக்கு 15 நிமிடம், வேகமாக நடந்தால் 12. கிலோமீட்டருக்கு 3 நிமிடம் மிச்சம், மொத்த மிச்சம் 15 நிமிடம், ஆக 5 கிலோமீட்டர். இதற்கு எதற்கு எக்ஸ்?

தேவகோட்டை டியூஷன் டீச்சர்:
விடை சரிதான் அண்ணே. ஆனால் 10-ஐயும் 5-ஐயும் கூட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது, என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் கழித்துவிட்டு 5 நிமிடம் என்பார்கள். போன வாரம் ஒருவன் இதே கணக்குக்கு 3 கிலோமீட்டர் என்றான். நோட்டை வாங்கிப் பார்த்தால் எக்ஸ்/4 − எக்ஸ்/5 = 0.15 என்று இருக்கிறது. 15 நிமிடத்தை 15/60 என்று மாற்றாமல் அப்படியே புள்ளி வைத்துவிட்டான். எழுதியதால்தான் எங்கே சறுக்கினான் என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தது. வாயால் சொன்ன தப்பை நான் எங்கே போய்த் தேடுவது?

பெட்டியடிப் பேரன்:
ஆச்சி, எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் பையனாக இருந்து கணக்கு கற்றவர். காலில் நாலு மா போனால் ஒரு மா என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மா என்றால் 20-இல் ஒன்று, நாலு மா என்றால் 5-இல் ஒன்று. உங்கள் எக்ஸ்/4 − எக்ஸ்/5 அதேதான், மணியில் ஒரு மா 3 நிமிடம். வட்டியும் இப்படித்தான், வீதம் தெரிந்தால் காலம், காலம் தெரிந்தால் வீதம். எக்ஸ் இல்லாமலேதான் அத்தனை கடையும் நடந்தது.

புதுவயல்:
நடுவில் ஒரு சந்தேகம். போகும்போது 40, வரும்போது 60 என்றால் சராசரி வேகம் 50 தானே?

கோட்டையூர் அப்பா:
இல்லை தம்பி, 48. ஒரு வழி 120 கிலோமீட்டர் என்று வைத்துப் பாருங்கள், போக 3 மணி, வர 2 மணி, 5 மணியில் 240. மெதுவாகப் போகும் நேரம்தான் அதிகம், 50 எப்படி வரும்? பார்த்தீர்களா டீச்சர், இதற்கும் எக்ஸ் வேண்டியிருக்கவில்லை.

தேவகோட்டை டியூஷன் டீச்சர்:
சரி, இதைப் போடுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு, கணக்குக்காக 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பஸ் வழக்கத்தைவிட மணிக்கு 8 கிலோமீட்டர் கூட்டிப் போனால் 20 நிமிடம் முன்னதாகப் போய்விடும். வழக்கமான வேகம் என்ன?

கோட்டையூர் அப்பா:
40. முதலில் 30 வைத்துப் பார்த்தேன், 34 நிமிடம் மிச்சம் வந்தது. 50 வைத்தால் 13 நிமிடம்தான். 40-க்கு 2 மணி, 48-க்கு 1 மணி 40 நிமிடம், மாட்டிக்கொண்டது.

தேவகோட்டை டியூஷன் டீச்சர்:
முழு எண்ணாக வந்ததால் மாட்டியது. 8-க்குப் பதிலாக 7 என்று கொடுத்தால் விடிய விடிய 30, 40 என்று வைத்துக்கொண்டிருப்பீர்கள். 80/எக்ஸ் − 80/(எக்ஸ்+8) = 1/3, அதிலிருந்து எக்ஸ் × (எக்ஸ்+8) = 1920. எந்த எண் கொடுத்தாலும் இந்த வழி ஓடும்.

பெட்டியடிப் பேரன்:
1920 வந்த பிறகு வேலையே இல்லையே. 8 வித்தியாசத்தில் இரண்டு எண், நடு எண்ணிலிருந்து 4 கீழே, 4 மேலே. 1920-உடன் 16-ஐக் கூட்டினால் 1936, அது 44-இன் வர்க்கம். ஆக 40, 48. சூத்திரம் எதுவும் வேண்டாம்.

தேவகோட்டை டியூஷன் டீச்சர்:
அந்த 1920 எங்கிருந்து வந்தது தம்பி?

பெட்டியடிப் பேரன்:
அது நீங்கள் கொடுத்தது.

கோட்டையூர் அப்பா:
பக்கத்தில் உட்கார்ந்து பையன் எல்லாவற்றையும் படித்துவிட்டான். "அப்பச்சி, இதில் −48-உம் விடையாக வருதே, பஸ் ரிவர்ஸில் மதுரைக்குப் போகுமா?" என்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை டீச்சர்.

தேவகோட்டை டியூஷன் டீச்சர்:
வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது, அதனால் அதை விட்டுவிட்டோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் அண்ணே. அந்த வரியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.