சிவப்புப் புள்ளிகள் உண்மையில் எதைக் காட்டுகின்றன? இரண்டு அனுபவங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நகரின் போதைப்பொருள் வழக்குகளை வரைபடத்தில் குறிக்கும் பணி என்னிடம் வந்தது. கைதுப் பதிவுகளைப் புள்ளிகளாக இட்டு அடர்த்தி வரைபடமாக மாற்றியபோது, மிக அடர்ந்த சிவப்பு ஒரே ஒரு கட்டடத்தின் மேல் படிந்தது. அது காவல் நிலையம். சம்பவ இடம் குறிக்கப்படாத வழக்குகளுக்கெல்லாம் நிலையத்தின் முகவரியே இடப்பட்டிருந்தது என்பது, மூலப் பதிவேடுகளைப் புரட்டிய பின்னரே தெரிந்தது.

அவற்றை நீக்கிய பிறகும் நெருடல் தீரவில்லை. வீட்டில் திருட்டு நடந்தால் பறிகொடுத்தவர் புகார் கொடுக்கிறார். போதைப்பொருள் கைமாறும்போது விற்பவரும் வாய் திறப்பதில்லை, வாங்குபவரும் வாய் திறப்பதில்லை. ஆகவே காவலர்கள் தேடிச் சென்ற இடத்தில்தான் பெரும்பாலும் வழக்கு பிறக்கிறது. 2016-இல் கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் ஆகிய இரு ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரை ஆராய்ந்தபோது, கைதுகள் மேற்கு ஓக்லாந்து போன்ற சில பகுதிகளில் குவிந்திருக்க, கணக்கெடுப்பின் அடிப்படையிலான போதைப்பொருள் பயன்பாட்டு மதிப்பீடோ நகரம் முழுவதும் பரவியிருந்தது. அந்தக் கைதுப் பதிவுகளைக் குற்றத்தை முன்கணிக்கும் கணினி நிரலில் இட்டபோது, அது மீண்டும் அதே பகுதிகளையே சுட்டியது. இதைப் படித்த அன்றே, அளவு மீறிய போதையால் மயங்கியவர்களுக்கான ஆம்புலன்ஸ் அழைப்புகளைத் தனி அடுக்காகச் சேர்த்தேன். கைது வரைபடத்தில் வெறுமையாக இருந்த வசதியான குடியிருப்புகளிலும் புள்ளிகள் தோன்றின.

மறுமொழி (இதே போன்ற வரைபடம் வரைந்த மற்றொருவர்):

தாங்கள் கூறியதை ஏற்கிறேன். ஆயினும் பயன்பாடு பரவலானது என்பதால் தெருவோர விற்பனையும் பரவலானது என்று கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி நகரில் குற்றவியல் ஆய்வாளர்களான டேவிட் வைஸ்பர்டும் லொரெய்ன் கிரீனும் 1990-களில் மேற்கொண்ட ஆய்வில், கைதுகளோடு அவசர அழைப்புகளையும் பொதுமக்கள் தந்த தகவல்களையும் சேர்த்து, தெருத்துண்டுகளும் (இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட தெருப் பகுதிகள்) சாலைச் சந்திப்புகளுமாக 56 விற்பனை மையங்களை வரையறுத்தார்கள். நான் செய்த தவறு வேறு வகையானது. வார்டு வாரியாக நிறமிட்டதால், இரண்டே சந்திப்புகளில் நடந்த விற்பனைக்காக ஒரு வார்டு முழுவதும் சிவந்துவிட்டது. அங்கு வசித்த ஒரு பெரியவர் வரைபடத்தைப் பார்த்து, "எங்கள் தெருவில் என்ன நடந்தது, ஐயா?" என்று கேட்டார். அவர் தெருவில் ஒரு வழக்குகூட இல்லை. அன்றே அந்த வரைபடத்தைத் திரும்பப் பெற்று, தெருத்துண்டு அளவில் புதிதாக வரைந்தேன்.