பெர்மிங்குக்குத் தமிழ்ச்சொல்: பதிசுருள், தார்க்குச்சி, பிணைநீர்

சென்னிமலையிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பெருந்துறையில் அழகு நிலையம் நடத்தும் என் நாத்தனார் மகள் என்னிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். முடியைச் சுருளாக்கும் மருந்துப் பெட்டியை இணையத்தில் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொண்டு, பாதியில் ஏதோ தவறிப்போன பிறகு தன்னிடம் ஓடிவரும் பெண்கள் பெருகிவிட்டதால், முன்கூட்டியே அவர்கள் கையில் கொடுக்கும்படி செய்முறையைத் தமிழில் ஒரே தாளில் எழுதித் தரவேண்டும் என்கிறாள். எழுத உட்கார்ந்த பிறகுதான் சொல் இல்லை என்பது தெரிந்தது. முடியைச் சுருளாக்குவதைப் பெர்மிங், முடியைச் சுற்றும் குச்சியை ராடு, முதலில் பூசும் புட்டியை லோஷன், இரண்டாவதை நியூட்ரலைசர் என்றே கடையில் புழங்குகிறார்கள். பேச்சுக்கு அது போதும். ஆனால் இந்தத் தாளைப் படிக்கப் போகிறவர் குளியலறைக் கண்ணாடி முன் ஈரத் தலையோடு தனியாக நிற்பவர். எந்தப் புட்டி முதலில், எது பிறகு, எது என்ன செய்யும் என்பதைப் பெயரே அவருக்குக் காட்டிக்கொடுத்தால் நல்லது.

இப்போதைக்கு நான் எழுதி வைத்திருப்பவை இவை: பெர்மிங்குக்கு ‘நிரந்தரச் சுருட்டை’, ராடுக்குத் ‘தார்க்குச்சி’, முதல் புட்டிக்கு ‘நெகிழ்த்தி’, இரண்டாம் புட்டிக்கு ‘நடுநிலையாக்கி’. இவற்றில் தார்க்குச்சியை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. எங்கள் அமத்தா (அம்மாவின் அம்மா) திண்ணையில் ராட்டையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தார் சுற்றுவார்; தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்க, சிறு குச்சியில் சுற்றிய நூல்தான் தார். நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட்டு, இறுக்கத்தை அந்த இரண்டு விரலாலேயே அளப்பார். தொளதொளவென்று சுற்றிய தாரிலிருந்து நாடா ஓடும்போது நூல் கொத்தாகச் சரிந்துவிடும், இறுக்கிச் சுற்றினால் அறுந்துவிடும். நாத்தனார் மகள் ஈர முடியைப் பென்சில் பருமனுள்ள பிளாஸ்டிக் குச்சியில் சுற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல்களின் பிடி அமத்தாவின் பிடியாகவே இருந்தது. தளர்ந்தால் சுருள் விழாது, இழுத்துப் பிடித்தால் முடி ஒடியும் என்று அவள் சொன்னதும் அமத்தா சொன்னதுதான்.

மற்ற மூன்று சொற்களையும் உங்கள் பார்வைக்கு விடுகிறேன்.

திருப்பூரிலிருந்து:

அக்காவுக்கு வணக்கம். தார்க்குச்சி எனக்கு முழுச் சம்மதம். நெகிழ்த்தியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். ஆனால் ‘நடுநிலையாக்கி’யை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் ஒரு பெண்ணின் முடி போயிற்று. போவதற்கு வழி சொன்னவனும் நானே.

நான் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவன். எங்கள் தொழிலில் நியூட்ரல் செய்வது என்றால், காரம் ஏறிய துணிக்கு அசிட்டிக் அமிலம் கொடுத்து அலசுவது. பள்ளிப் பாடநூலிலும் அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் ஆவதற்குத்தான் நடுநிலையாக்கல் என்று பெயர். சென்ற ஆண்டு என் அண்ணன் மகள், சிநேகிதியின் திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பாக, வீட்டில் இப்படியொரு பெட்டியைப் பிரித்தாள். முதல் புட்டியைப் பூசி, நேரம் பார்த்து, குச்சிகளோடு அலசியும் விட்டாள். இரண்டாம் புட்டியை எடுத்தால், மூடி சரியாக முறுக்கப்படாமல் பெட்டிக்குள்ளேயே முக்கால்வாசி கசிந்து அட்டை ஊறிக் கிடந்தது. உள்ளே இருந்த தமிழ்த் தாளில் ‘இப்போது நடுநிலையாக்கியை இடவும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து என்னைக் கேட்டாள். நான் முதல் புட்டியை மோந்து பார்த்தேன். மேலே அம்மோனியா நெடி, அதற்கடியில் அழுகிய முட்டை வாடை. காரம்தானே, அமிலம் கொடுத்தால் அடங்கிவிடும் என்று துணிக்குச் சொல்வது போலச் சொல்லி, சமையலறையிலிருந்த வினிகரைத் தண்ணீரில் கலந்து ஊற்றச் சொன்னேன்.

குச்சிகளை உருவியபோது சுருள் இருந்தது. துவட்டி முடிப்பதற்குள் தொங்கிவிட்டது. மறுநாள் தலை நனைந்தபோது சீப்பு வைத்தால், முடி ரப்பர் போல இழுபட்டு நடுவில் அறுந்தது. முகூர்த்தத்துக்குக் கொண்டை போட்டுச் சமாளித்தாள். என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முடி கெரட்டின் என்னும் புரதம். அதன் இழைகளுக்கு நடுவே கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து, ஏணியின் படிகளைப் போலக் குறுக்கே நிற்கின்றன. முதல் புட்டியில் பெரும்பாலும் இருப்பது அம்மோனியம் தயோகிளைக்கோலேட், அதன் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 9 அல்லது அதற்குச் சற்று மேல். அது முடியை உப்பவைத்து உள்ளே புகுந்து, அந்தப் படிகளில் ஒரு பகுதியை அறுக்கிறது. கட்டு விட்ட இழைகள், குச்சியின் வளைவுக்கு ஏற்ப ஒன்றையொன்று நழுவி இடம் மாறுகின்றன. இரண்டாம் புட்டியில் இருப்பது சுமார் 2 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. அது, இழைகள் இப்போது நிற்கும் புதிய இடத்திலேயே கந்தகக் கைகளை மறுபடி கோத்துவிடுகிறது. இது ஆக்சிஜனேற்றம். அமிலம் காரத்தை அடக்கும் கணக்கே இங்கே கிடையாது. என் வினிகர் காரத்தை அடக்கியதென்னவோ உண்மை. அறுந்த படிகளை மாட்டுவதற்குத்தான் ஆளில்லை.

பனியன் துணியை வெளுக்க நாங்கள் கேன் கேனாக ஊற்றும் சரக்கு அதே பெராக்சைடுதான். தினமும் அதன் முகத்தில் விழிக்கிற எனக்கு, அந்தச் சிறு புட்டிக்குள் இருப்பது அதுதான் என்று தெரியாமல் போனதற்கு ஒட்டியிருந்த பெயரே காரணம். ஆங்கிலத்தில் அதற்கு நியூட்ரலைசர் என்று பெயர் வைத்தவர்கள் வேதியியல்படி தவறாக வைத்தார்கள். அந்தத் தவறையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டிய கடமை நமக்கு இல்லை.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

சுருக்கமாக இரண்டு செய்திகள். ‘சுருட்டை’ என்ற சொல் எங்கள் பக்கம் நல்ல சகுனமாக இல்லை. மிளகாய்ச் செடியிலும் தக்காளியிலும் வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டையைத்தான் அது முதலில் நினைவூட்டும். இருட்டில் வரப்பின்மேல் ஒருவர் ‘சுருட்டை’ என்று கத்தினால் விரியனுக்குப் பயந்து காலைத் தூக்குவோமே தவிர, யாருடைய தலையையும் பார்க்க மாட்டோம். தாரும் அப்படியே, இங்கே தார் என்றால் வாழைத்தார். ‘சுருள்குச்சி’ என்று வைத்துவிட்டால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் திருப்பூர்த் தம்பி எழுதியதை அப்படியே ஏற்கிறேன். இழப்பு நேர்ந்த பிறகு படித்தது என்றாலும் பிழையில்லாமல் படித்திருக்கிறார்.

நான் எடுத்துக்கொள்வது ‘நிரந்தரம்’ என்பதை. 1870களில் பாரிசில் மார்செல் கிராத்தோ என்பவர் சூடான இடுக்கியால் முடியில் அலை எழுப்பும் முறையைக் கொண்டுவந்தார். அழகான அலைதான், ஆனால் தலை நனைந்தால் போய்விடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் கார்ல் நெஸ்லர், காரக் கலவையில் நனைத்த முடியைக் கம்பிகளில் சுற்றி மணிக்கணக்கில் சூடேற்றி, கழுவினாலும் போகாத அலையை உண்டாக்கினார். ‘பெர்மனன்ட்’ என்ற அடைமொழி அப்போது வந்தது. நனைந்தால் போகிற அலையோடு ஒப்பிட்டு வைத்த பெயர் அது. 1928இல் அமெரிக்காவில் மார்ஜரி ஜாய்னர், பல கம்பிகளை மேலிருந்து தொங்கவிட்ட இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1938இல் ஆர்னால்டு வில்லட் சூடே தேவையில்லாத முறையைக் கொண்டுவந்த பிறகுதான் இது இயந்திரத்திலிருந்து விடுபட்டது. 1940களில் வீட்டுப் பெட்டிகள் கடைகளில் பரவலாயின. இந்த வரலாற்றை அறியாத ஒருவரிடம் ‘நிரந்தரம்’ என்று சொன்னால் ஆயுளுக்கும் நிற்கும் என்று நினைத்துக்கொள்வார். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. வளர்கிறது; வேரிலிருந்து வருவது பழைய நேர்முடியே. நான்கு மாதம் கழித்து மேலே நான்கு செ.மீ. நேராகவும் கீழே சுருளாகவும் தொங்கும் தலைக்கு நிரந்தரம் என்று பெயரிடுவது வம்பு.

ஆகவே ‘பதிசுருள்’ என்று பரிந்துரைக்கிறேன். முத்திரை பதிகிறது, ஈர மண்ணில் கால் பதிகிறது. பதிந்தது கழுவினால் போகாது, ஆனால் அழியவே அழியாது என்ற உறுதியையும் அந்தச் சொல் தருவதில்லை. வினைத்தொகையானதால் பதிந்த, பதிகின்ற, பதியும் என்று மூன்று காலத்தையும் சுமக்கும். இடுக்கியால் வருவதைச் ‘சூட்டுச்சுருள்’ என்றும், ஈரமுடியைச் சுற்றி உலரவிட்டுப் பெறுவதை ‘நீர்ச்சுருள்’ என்றும் அதே வரிசையில் வைக்கலாம். கோபி நண்பர் சுருட்டையை வேண்டாம் என்றதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. சுருட்டைத் தலை என்பது பிறவியில் வருவது. சுருள் என்பதோ நாமாகச் செய்து கொள்வது. கூந்தலை முடிக்கும் ஐந்து வகையாக முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று பழைய உரைகாரர்கள் எண்ணுகிற ஐம்பாலிலேயே அது இருக்கிறது.

புட்டிகளைப் பொறுத்தவரை, ஒன்று கட்டை அவிழ்க்கிறது, மற்றொன்று அதை மறுபடி முடிகிறது. எனவே ‘அவிழ்நீர்’, ‘முடிநீர்’. நெகிழ்த்தி என்பது முடியை மென்மையாக்கும் கண்டிஷனர் போல ஒலிக்கிறது. ஸ்ட்ரெய்ட்னிங் என்ற பெயரில் சுருள்முடியை நேராக்குகிறவர்களும் பல வேளைகளில் இதே தயோகிளைக்கோலேட்டைத்தான் பூசுகிறார்கள். அங்கே குச்சிக்குப் பதில் நேராக வாரிப் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். அவிழ்நீர், முடிநீர் இரண்டும் அந்த வேலைக்கும் மாற்றமின்றிப் பொருந்தும்.

சென்னிமலையிலிருந்து:

ஐயாவுக்கு நன்றி. பதிசுருளையும் அவிழ்நீரையும் எடுத்துக்கொண்டேன். ‘முடிநீர்’ தமிழாசிரியையான எனக்கு மிகவும் பிடித்த சிலேடை. அதனாலேயே பயமாக இருக்கிறது. அந்தப் பெயரோடு குளியலறை மாடத்தில் ஒரு புட்டி இருந்தால், முடிக்குப் போடும் ஏதோ தைலம் என்று என் மாமியாரே எடுத்துத் தேய்த்துவிடுவார். ஐயா பொறுத்தருள வேண்டும், ‘பிணைநீர்’ என்று மாற்றிக்கொள்கிறேன். கோபித் தம்பிக்கு: வாழைத்தாருக்குள் குச்சி கிடையாது என்பதால், ‘தார்க்குச்சி’ என்று சேர்த்துச் சொல்லும்போது குழப்பம் வர வழியில்லை. தறி இல்லாத ஊர்க்காரர்களுக்காகச் சுருள்குச்சி என்பதை அடைப்புக்குள் ஒரே ஒரு முறை போடுகிறேன். அதற்கு மேல் இறங்கிவர மாட்டேன்.

சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க, தாளின் நடுப்பகுதியை எழுதிப் பார்த்தேன்:

“உலோக உப்பு கலந்த தலைச்சாயம் பூசிய முடிக்குப் பதிசுருள் போடக் கூடாது, பிணைநீர் பட்டதும் சூடேறி முடி கெடும். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மருதாணி போட்டிருந்தாலும் வேண்டாம். உச்சந்தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் ஆறும்வரை பொறுக்கவும். முதலில் பிடரியில் ஒரு சிறு கற்றைக்கு மட்டும் முழுவதும் செய்து பார்க்கவும். சப்பைத் தண்ணீரில் குளிப்பவர்கள் முடியில் படிந்த உப்பு நீங்க ஷாம்பூ போட்டு நன்றாக அலசவும், கண்டிஷனர் வேண்டாம். ஈர முடியைச் சிறு கற்றைகளாகப் பிரித்து, நுனியை நுனித்தாள் என்னும் மெல்லிய தாளில் மடித்து, தார்க்குச்சியில் (சுருள்குச்சியில்) ஒரே சீராகச் சுற்றவும். நெற்றி விளிம்பில் வாசலின் தடவிப் பஞ்சு வைக்கவும். அவிழ்நீரில் நனைந்த பஞ்சை உடனே மாற்றவும். கிண்ணம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்பு படக் கூடாது. பெட்டியில் சொன்ன நேரம் முடியுமுன் ஒரு குச்சியை ஒன்றரைச் சுற்று அவிழ்த்துப் பார்க்கவும். முடி பாம்பு போல நெளிந்து நின்றால் போதும். குச்சிகளைக் கழற்றாமல் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் அலசி, துண்டால் ஒற்றி எடுக்கவும். ஈரம் மிகுந்தால் பிணைநீர் நீர்த்துவிடும். அதன் பிறகே பிணைநீர்.”

சோதனைக்கு அவிழ்க்கும் அந்த ஒரு குச்சிக்கும் பெயர் வைக்க நினைத்து விட்டுவிட்டேன். ‘ஒரு குச்சி’ என்றே எல்லாருக்கும் புரிகிறது.

திருப்பூரிலிருந்து:

அக்கா, தாளை அண்ணன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். தார்க்குச்சி என்ற இடத்தில் சிரித்தாள், அவிழ்நீர் என்ற இடத்தில் என்னைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. படித்து முடித்துவிட்டுப் பேனா கேட்டு வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தாள். அதையும் அச்சில் போடச் சொல்கிறாள்: “அவிழ்நீர்ப் புட்டியைத் திறக்கும் முன், பிணைநீர்ப் புட்டி நிறைந்திருக்கிறதா என்று குலுக்கிப் பாருங்கள்.”