ஒரே பக்கத்தில் இரண்டு ஜேக்வெரி: மோதலைத் தீர்க்க உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். நான் பராமரிக்கும் ஒரு திருமண மண்டபத்தின் இணையப் பக்கத்தில், படங்களைக் காட்டும் பழைய ஸ்லைடர், ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பின் 1.8 பதிப்பையும், முன்பதிவு நாட்காட்டி அதன் 3.5 பதிப்பையும் நம்பியிருக்கின்றன. ஸ்லைடர் பயன்படுத்தும் 'லைவ்', 'பிரவுசர்' ஆகிய ஜேக்வெரி வசதிகள் இரண்டும் 1.9 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டதால், அதை அப்படியே புதிய பதிப்புக்கு மாற்ற இயலவில்லை. எழுதியவர் யாரென்றே தெரியாத அந்த நிரலைத் திருத்தப் புகுவதும் வீண் வேலை.

பின்னர் ஏற்றப்படும் ஜேக்வெரி, தன்னை அழைக்கும் சுருக்கப் பெயரான டாலர் குறியைத் தன்வசப்படுத்திக்கொள்ளும் என்பதால், 3.5 பதிப்பையும் நாட்காட்டியையும் முதலில் ஏற்றி, அந்தப் பெயர்களை விட்டுக்கொடுக்கச் செய்யும் 'நோகான்ஃபிளிக்ட்(ட்ரூ)' மூலம் வேறொரு மாறியில் ஒதுக்கிவைத்து, அதன்பின் 1.8 பதிப்பையும் ஸ்லைடரையும் ஏற்றினேன். என் கணினியில் இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன. சர்வரில் மட்டும், அதுவும் சில நேரங்களில், ஸ்லைடரின் பெயரைச் சொல்லி அது ஃபங்ஷனே அல்ல என்று, பிழைகளைக் காட்டும் உலாவியின் கன்சோலில் ஒரு சிவப்பு வரி வருகிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் மறைந்துவிடுகிறது.

கீழ்மூலையில் உள்ள உரையாடல் பெட்டியின் ஸ்கிரிப்ட் 'ஏசிங்க்' முறையில், அதாவது மற்றவற்றின் வரிசைக்குக் காத்திராமல், ஏற்றப்படுகிறது. அது தனக்கென ஒரு ஜேக்வெரியைக் கொண்டுவந்து, இணைய வேகத்தைப் பொறுத்து, ஸ்லைடர் தொடங்குமுன் நுழைந்துவிடுகிறது என்று ஐயுறுகிறேன். பெட்டியை நீக்க மண்டப உரிமையாளர் சம்மதிக்கவில்லை.

'விண்டோ.ஜேக்வெரி' என்ற பொது மாறி எந்த ஸ்கிரிப்டால் மாற்றப்படுகிறது என்பதை, 'டிஃபைன்பிராப்பர்ட்டி' கொண்டு செட்டர் (மதிப்பை மாற்றும்போது ஓடும் ஃபங்ஷன்) வைத்துப் பிடிப்பதைவிட எளிய வழி உண்டா? ஸ்லைடரைத் தொடங்கும் வரிகளை, டாலர் குறியை உள்ளீடாகப் பெறும் ஒரு ஃபங்ஷனுக்குள் அடைத்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.