கதிரையிலை இருந்து பாடினால் றொக் இல்லையோ?

கொக்குவில் கிற்றார்:
நேற்று மற்றத் திரியிலை முனைக்காற்று எண்டவர் எழுதினதை வாசிச்ச நேரந்தொட்டு எனக்குப் பத்தி எரியுது. "கதிரையை விட்டு எழும்பாத மனிசன்ரை நிகழ்ச்சியை வருசத்தின்ரை சிறந்த றொக் கச்சேரி எண்டு சொல்லுறவைக்குக் காதுமில்லை, கண்ணுமில்லை" எண்டு எழுதியிருக்கிறார். அது என்ரை பட்டியலுக்கு விழுந்த அடி. ஒளிச்சு நிக்க வேண்டிய தேவை எனக்கில்லை, பட்டியலை இஞ்சையே திரும்பப் போடுறன்.

2025 இலை எனக்கு முதலிடம் யூலை 5, பேர்மிங்ஹாம் வில்லா பார்க். மெற்றல் எண்ட கனத்த றொக்கைத் தொடக்கின பிளாக் சபாத் குழுவின்ரை பழைய நாலு பேரும், பாட்டுக்காரன் ஓஸி ஒஸ்போர்ண், கிற்றார் ரொனி அயோமி, பேஸ் கீசர் பட்லர், ட்றம்ஸ் பில் வோர்ட், இருபது வருசத்துக்குப் பிறகு ஒரே மேடையிலை. முனைக்காற்று சொல்லுற கதிரை மனிசன் ஓஸிதான், இருந்துகொண்டு பாடினவர். அவைக்கு முன்னாலை மெற்றாலிக்கா, கன்ஸ் அன் றோஸஸ், ஸ்லேயர், ரூல், பன்ரெறா எண்டு வரிசையா வந்து வாசிச்சுப்போட்டுப் போகினம். வந்த காசு பார்க்கின்சன் நோய்க்கான வேலைக்கும் பிள்ளையளின்ரை ஆஸ்பத்திரிக்கும். மைதானம் இருக்கிறது அஸ்ரனிலை, ஓஸி வளர்ந்த இடம்.

ரண்டாவது யூலை 4, கார்டிஃப், ஒயேசிஸ் குழு திரும்பிச் சேர்ந்த முதல் நாள். மூண்டாவது அயன் மெய்டன் குழுவின்ரை ஐம்பதாவது ஆண்டுச் சுற்று. நாலாவது மே 17, மும்பையிலை கன்ஸ் அன் றோஸஸ். பிழை எண்டால் காரணத்தோடை சொல்லுங்கோ.

முனைக்காற்று:
காரணம் நேற்றே சொல்லியாச்சு. எழும்பினவரோ, இல்லையோ?

கொக்குவில் கிற்றார்:
ஓஸிக்குப் பார்க்கின்சன் நோய். 2019 இலை விழுந்து முள்ளந்தண்டிலை திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை. அந்த உடம்போடை வந்து தனியா அஞ்சு பாட்டு, பேந்து சபாத்தோடை நாலு பாட்டு. "Mama, I'm Coming Home" எண்ட பாட்டிலை குரல் உடையுது, ஆனால் விடேல்லை, பாடி முடிச்சவர். கையை உயர்த்திச் சனத்தைக் கூப்பிடேக்கை மைதானம் முழுக்க அவரோடை பாடுது. உமக்கு அதிலை கதிரை மட்டுந்தானோ தெரிஞ்சது?

முனைக்காற்று:
வருத்தத்துக்கு என்ரை அனுதாபம் எப்பவும் உண்டு. கேள்வி அதில்லை. மெய்டன் பாட்டுக்காரன் புரூஸ் டிக்கின்சனைப் பாரும். தொண்டையிலை புற்றுநோய் வந்து மாறின மனிசன், 2025 இலை, 66 வயசிலை, மேடையின்ரை இந்தத் தொங்கலிலையிருந்து அந்தத் தொங்கலுக்கு ஓடித் திரிஞ்சவர். யூன் 28 லண்டன் ஸ்ரேடியம் பாத்தீரோ? புது ட்றம்மர் சைமன் டோசனோடை அந்தக் குழு இருபது வயசுப் பெடியள் மாதிரி வாசிக்குது. அது கச்சேரி. வில்லா பார்க் வழியனுப்பு விழா. சேவை நலன் பாராட்டு. பொன்னாடை மட்டுந்தான் இல்லை.

ஈஸ்ற்ஹாம் பெடியன்:
ரண்டு பேரும் வீட்டிலை இருந்து பாத்துப்போட்டு அடிபடுறியள். நான் வெம்பிளியிலை ஒயேசிஸ்க்கு நேரை போய் நிண்டனான். 2009 இலை பாரிசிலை அடிபட்டுப் பிரிஞ்ச அண்ணன் தம்பி கையைப் பிடிச்சுக்கொண்டு மேடைக்கு வரேக்கை பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரக் கிழவன் அழுறான். அதை நேரை காணாமல் அதை ரண்டாவது எண்டு போட உங்களுக்கு என்ன உரிமை?

கொக்குவில் கிற்றார்:
ரிக்கெற் வாங்கினால் தீர்ப்புச் சொல்லுற உரிமையும் சேர்த்துத் தருவினமோ? 2024 ஆவணியிலை அந்த ரிக்கெற்றுக்கு நடந்த கூத்து எல்லாருக்கும் தெரியும். 150 பவுண்ஸ் எண்டு போட்டது வரிசையிலை நிக்க நிக்க 350க்கு மேலை ஏறினது. காசு உள்ளவன் போனான். நான் இஞ்சை கொக்குவிலிலை இருந்து காசு கட்டி, வில்லா பார்க்கை இரவு முழுக்க முழிச்சுப் பாத்தனான். சபாத் மேடைக்கு வரேக்கை எங்களுக்கு விடியப்புறம்.

இன்னொண்டு. ஒயேசிஸ் பாட்டுக்காரன் லியம் கலகர் பாடேக்கை கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு ஒலிவாங்கிக்குக் கீழை ஒரே இடத்திலை நிக்கிறவர், முப்பது வருசமா. அவருக்கு ஒரு கதிரை குடுத்தால் என்ன மாறப்போகுது? முனைக்காற்று, இதுக்குப் பதில் சொல்லும்.

முனைக்காற்று:
நிக்கிறார் தானே. எழும்பி நிக்கிறார்.

ஈஸ்ற்ஹாம் பெடியன்:
லியத்தைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் மரியாதையாக் கதையுங்கோ அண்ணை. உங்கடை வில்லா பார்க் இணையத்திலை வந்ததே ரண்டு மணித்தியாலம் பிந்தித்தான். நீங்கள் பாத்தது நடந்து முடிஞ்ச கச்சேரி.

கொக்குவில் கிற்றார்:
பிந்தி வந்தால் அயோமியின்ரை கிற்றார் வேறை மாதிரிக் கேக்குமோ? கதையை மாத்தாதை தம்பி.

இணுவிலாள்:
கேக்கிறன் எண்டு குறை நினைக்கவேண்டாம். யாழ்ப்பாணத்திலை இருந்து பட்டியல் போடுற ஆக்கள் நாலு வரியிலையும் இங்கிலாந்தும் மும்பையும். ஊரிலை நடந்ததுக்கு ஒரு வரி இல்லையோ? 2023 ஒக்ரோபர் 21, முற்றவெளியிலை சந்தோஷ் நாராயணன் இலவசமா நடத்தின நிகழ்ச்சி மாதிரி ஒண்டு இஞ்சை எத்தினை வருசத்துக்கு ஒருக்கா வரும்?

கொக்குவில் கிற்றார்:
தங்கச்சி, இது 2025 பட்டியல். அதோடை றொக். சந்தோஷ் நாராயணனை நான் குறைச்சுச் சொல்லேல்லை, நானும் அண்டைக்கு அங்கைதான்.

முனைக்காற்று:
அண்டைக்கு முற்றவெளியிலை பாடின எல்லாரும் நிண்டு பாடினவை. சும்மா ஞாபகப்படுத்துறன்.

நாலாங்குறுக்கு:
தம்பியவை, வயசிலை மூத்தவன் ஒரு சொல்லுச் சொல்லலாமோ? முற்றவெளியைப் பற்றிப் பெருமையாக் கதைக்கிறியள். 2024 பெப்ரவரி 9 ஹரிஹரன் வந்த இரவு என்ன நடந்தது? பின்னாலை நிண்ட சனம் தடுப்பை உடைச்சுக்கொண்டு முன்னாலை வந்து, கச்சேரியை நிப்பாட்ட வேண்டி வந்தது. கண்ணன் கோஷ்டி கோயில் வீதியிலை விடிய விடிய வாசிச்ச காலத்திலை சனம் மணலிலை பாய் போட்டு இருந்து கேட்டது. ஒருத்தன் தடுப்பை உடைச்சதைக் காட்டுங்கோ பாப்பம். அந்தக் காலத்திலை தடுப்பே இல்லை. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாடேக்கை உங்கடை ஓஸிக்கு இஞ்சை ஆர் பேர் கேள்விப்பட்டது?

இணுவிலாள்:
சனத்தை மட்டும் குற்றம் சொல்லாதேங்கோ ஐயா. அவ்வளவு பேர் வருவினம் எண்டு தெரிஞ்சும் வாசலையும் வழியையும் ஒழுங்கா வைக்காட்டி வேறை என்ன நடக்கும்? பின்னாலை நிண்டவைக்கு மேடையும் தெரியேல்லை. பிள்ளையளோடை வந்த பொம்பிளையள் வெளியிலை வரப் பட்டபாடு எனக்குத் தெரியும்.

நாலாங்குறுக்கு:
பிள்ளை, ஒழுக்கம் எண்டது வாசலிலை இல்லை.

கொக்குவில் கிற்றார்:
ஐயா, அதுக்குத் தனித் திரி திறவுங்கோ. நான் முனைக்காற்றிட்டைத்தான் கேக்கிறன். 2015 யூன், சுவீடன் கோத்தன்பேர்க். ஃபூ ஃபைற்றர்ஸ் குழுவின்ரை பாட்டுக்காரன் டேவ் குறோல் மேடையிலை இருந்து விழுந்து கால் முறிஞ்சு, கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பி வந்து, கதிரையிலை இருந்து மிச்சக் கச்சேரியை முடிச்சவர். பேந்து பெரிய சிம்மாசனம் ஒண்டு செய்விச்சு அதிலை இருந்தே ஊர் ஊராப் போனவர். அடுத்த வருசம் உம்மடை கன்ஸ் அன் றோஸஸ் பாட்டுக்காரன் அக்செல் றோஸ் பாதம் முறிஞ்சு, அதே சிம்மாசனத்தைக் கடன் வாங்கி, லிஸ்பனிலை ஏசி/டிசி குழுவோடை இருந்து பாடினவர். அப்ப நீர் என்ன எழுதினனீர்? "சிங்கம்" எண்டு எழுதினனீர். பழைய திரி இஞ்சைதான் கிடக்குது, போய்ப் பாரும்.

முனைக்காற்று:
கால் முறிஞ்சது வேறை. அது பொருந்தினால் எழும்புவினம். எழும்பினவை.

கொக்குவில் கிற்றார்:
பில் கொலின்ஸ்? ஜெனெசிஸ் குழுவின்ரை கடைசிச் சுற்று, 2021 தொடங்கி 2022 பங்குனி லண்டன் வரைக்கும், இருந்துகொண்டுதான் பாடினவர். மகன் ட்றம்ஸ்.

முனைக்காற்று:
அது பொப்.

கொக்குவில் கிற்றார்:
றொபேர்ட் ஃபிரிப்? கிங் கிறிம்சன் குழுவிலை மனிசன் வருசக்கணக்கா முக்காலியிலை இருந்து கிற்றார் வாசிச்சவர். அதுவும் பொப்போ?

முனைக்காற்று:
அவர் பாடுறேல்லை. நான் பாட்டுக்காரரைச் சொல்லுறன்.

கொக்குவில் கிற்றார்:
ஒவ்வொருக்காலும் ஒரு புதுப் படலை கட்டுறீர். வில்லா பார்க்கிலை மற்றவையைப் பாத்தீரோ? அயோமியும் பட்லரும் நிண்டு வாசிச்சவை. பில் வோர்ட் 77 வயசிலை சேட்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அடிச்சவர். ட்றம்மர் இருந்துதான் அடிக்கிறவர், அதுக்கும் புள்ளி குறைக்கப்போறீரோ?

ஈஸ்ற்ஹாம் பெடியன்:
ஓஸி செத்த பிறகு எல்லாரும் அந்தக் கச்சேரியைத் தூக்கிப் பிடிக்கினம். யூலை 22 அவர் போகாட்டி நீங்களும் ஒயேசிஸைத்தான் முதலாவதாப் போட்டிருப்பியள்.

கொக்குவில் கிற்றார்:
பொய். ஆடி பிறக்க முன்னமே நான் இஞ்சை எழுதினனான், வருசம் முடியேக்கையும் இதுதான் முதலிடம் எண்டு. தேடிப் பார். அவர் உயிரோடை இருக்கேக்கை எழுதினது.

முனைக்காற்று:
சபாத் 2017 பெப்ரவரி 4 இதே பேர்மிங்ஹாமிலை "முடிவு" எண்டு பேர் வைச்சு விடைபெற்றாச்சு. எத்தினை தரம் விடைபெறுகிறது? ஏலாட்டி வீட்டிலை இருக்க வேணும். கேக்கிற எங்களுக்குப் பழைய ஒலிநாடா இருக்குது.

கொக்குவில் கிற்றார்:
2017 இலை பில் வோர்ட் இல்லை. ஒப்பந்தச் சண்டையிலை அவரை விட்டுப்போட்டுப் போட்ட முடிவு அது. நாலு பேரும் சேராமல் சபாத் முடியேல்லை, 2025 இலைதான் முடிஞ்சது. அதுதான் ஐயா எனக்கு இது முதலிடம்!

"ஏலாட்டி வீட்டிலை இருக்க வேணும்" எண்டீர். இதைக் கொஞ்சம் பொறுமையா வாசியும். அயோமிக்கு 17 வயசு, தகரம் வெட்டுற தொழிற்சாலையிலை வேலை. இயந்திரத்துக்குள்ளை வலக்கை அகப்பட்டு நடுவிரலிலையும் மோதிர விரலிலையும் நுனி போட்டுது. அவர் இடக்கைக்காரன், வலக்கையாலைதான் நரம்பை அமத்துறவர். இனிக் கிற்றார் இல்லையெண்டு வைத்தியர் சொல்லியாச்சு. மனிசன் பிளாஸ்ரிக் போத்திலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலை தோல் ஒட்டி, நரம்பை மெல்லிசாக்கி, பேந்து சுருதியையும் இறக்கி வாசிச்சவர். அந்த இறக்கின சுருதியிலை இருந்துதான் நீர் காலமை பின்னேரம் கேக்கிற மெற்றல் முழுக்க வந்தது. மெய்டனும் அதிலை இருந்து வந்ததுதான். அயோமி உம்மடை புத்தியைக் கேட்டு வீட்டிலை இருந்திருந்தால் இண்டைக்கு நாங்கள் கதைக்க ஒண்டும் இல்லை. நல்ல உடம்புள்ளவன் ஓடுறது எனக்கும் பிடிக்கும், மெய்டனை மூண்டாவதாப் போட்டிருக்கிறன். ஆனால் ஏலாத உடம்பாலை சத்தத்தை வெளியிலை கொண்டாறதிலைதான் இந்த இசையே பிறந்தது. வில்லா பார்க்கிலை நான் கண்டது அதைத்தான்.

முனைக்காற்று:
விரல் போன மனிசன் நிண்டு வாசிச்சவர். நீரே சொல்லிப்போட்டீர்.

நாலாங்குறுக்கு:
இருந்து வாசிக்கிறதைப் பற்றி இவ்வளவு சண்டை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி தவிலை மடியிலை வைச்சு இருந்து வாசிக்கேக்கை தமிழ்நாட்டு வித்துவான்மாரே வாயடைச்சுப் போய் இருந்தவை. 1975 இலை செத்த மனிசனை இண்டைக்கும் கதைக்கிறம். அளவெட்டி மண்ணின்ரை பெருமை அது.

இணுவிலாள்:
அளவெட்டியோ? தகப்பன் விஸ்வலிங்கம் இணுவில் தவில்காரர். வித்தை இணுவிலிலை இருந்து போனது ஐயா.

நாலாங்குறுக்கு:
வாழ்ந்ததும் பேர் எடுத்ததும் அளவெட்டி, பிள்ளை. ஊரிலை ஆரிட்டையும் கேள்.

இணுவிலாள்:
அளவெட்டியிலை கேட்டால் அளவெட்டி எண்டுதான் சொல்லுவினம்.

முனைக்காற்று:
தவில் இருந்தும் வாசிக்கலாம், சுவாமி வீதி வலம் வரேக்கை நிண்டும் வாசிக்கலாம். நல்லூரிலை நிண்டுதான் வாசிக்கினம். நாலாங்குறுக்கு ஐயாவும் என்ரை பக்கந்தான்.

நாலாங்குறுக்கு:
நான் ஒருத்தற்றை பக்கமும் இல்லை.

கொக்குவில் கிற்றார்:
முனைக்காற்று, நல்லூர் வீதியிலை நிண்டு வாசிக்கிற அதே வித்துவான் இரவு கச்சேரிக்குக் கம்பளத்திலை இருந்து வாசிச்சால் அது உமக்குச் சேவை நலன் பாராட்டோ? நேரான பதில் ஒண்டு தாரும். மூண்டு தரம் கேட்டாச்சு.

ஈஸ்ற்ஹாம் பெடியன்:
ஒயேசிஸை ஏன் ரண்டாவது போட்டியள் எண்டதுக்கு எனக்கும் இன்னும் பதில் வரேல்லை.

கொக்குவில் கிற்றார்:
உனக்குச் சொன்னது காணும். கார்டிஃப் நல்ல கச்சேரி, அண்ணன் தம்பி சேர்ந்தது சந்தோசம். ஆனால் பாட்டு 1990களிலை கேட்ட அதே பாட்டு, அதே வேகம், அதே நிலை. வில்லா பார்க்கிலை ஒவ்வொரு பாட்டுக்கும் இந்த மனிசன் கடைசி வரிக்கு வந்து சேருவாரோ எண்டு நெஞ்சு அடிச்சது. எனக்கு நேரடிக் கச்சேரி எண்டால் அந்த அடிப்பு வேணும்.

முனைக்காற்று:
நெஞ்சடிப்பு உமக்கு. கதிரை அவருக்கு. என்ரை முதலிடம் லண்டன் ஸ்ரேடியம், மாத்தமாட்டன்.

கொக்குவில் கிற்றார்:
மாத்தச் சொல்லி ஆர் கேட்டது? தவில் கேள்விக்குப் பதிலைத் தாரும்.

இணுவிலாள்:
தவில் எண்டால் இணுவில்.