புதுப்பிப்பு: பான்ஸ்கோ போய்விட்டு வந்தாச்சு

பேக்கேஜ் எடுக்காமல் நாமே டிக்கெட், ரூம் எல்லாம் போட்டு பல்கேரியாவின் பான்ஸ்கோவுக்குப் பனிச்சறுக்கப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தாராளமாகப் போகலாம்.

சோஃபியா வரை விமானம், அங்கிருந்து பஸ், சுமார் 3 மணி நேரம். நேரோ கேஜ் ரயிலை, அதாவது தண்டவாள அகலம் குறைந்த குட்டி ரயிலைச் சொன்னவருக்கு நன்றி. திரும்பும்போது அதில்தான் வந்தோம். அது முடியும் ஊரான செப்டெம்வ்ரி போய்ச் சேர 5 மணி நேரம் ஊர்கிறது, ஆனால் ஜன்னலை விட்டுக் கண் அகலவில்லை. 2026 ஜனவரியிலிருந்து அங்கே யூரோ என்பதால் பழைய நாணயமான லெவா மாற்றும் வேலையும் இல்லை.

மலைமேல் ஏற்றிச் செல்லும் கோண்டோலா (கேபிள் கார்) வரிசையைப் பற்றிப் பயமுறுத்தினீர்களே, அது நிஜம். முதல் நாள் ஒன்பது மணிக்குப் போய், வாடகை பூட்ஸ் கட்டைவிரலை நசுக்க நசுக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். பூட்ஸைக் கடையிலேயே போட்டு நடந்து பார்த்திருக்க வேண்டும், என் தப்பு. மறுநாள் ஏழரைக்கே ஆஜர்.

மலையேற்றும் கேபிள் கார், லிஃப்ட்களுக்கான லிஃப்ட் பாஸ்தான் பெருஞ்செலவு. அதில் மலிவு தேடாதீர்கள். மிச்சம் பிடித்தது ரூமிலும் சாப்பாட்டிலும்தான். மெஹானா என்கிற உணவகங்களில் மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும் கவர்மா என்கிற இறைச்சிக் குழம்பை மூன்று ராத்திரி தொடர்ந்து சாப்பிட்டேன்.

மாலையில் ஊர்வரை சறுக்கியே இறங்கலாம். ஆனால் அந்நேரம் பாதை இறுகிக் கண்ணாடியாகிவிடும், கூட்டமும் நெரியும். நான் இரண்டு முறை வழுக்கி உட்கார்ந்தேன்.